முன்னோர் முன் ஏற்றிய தூபம்



உங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். இறந்துபோன அப்பப்பாவினதோ அம்மம்மாவினதோ படம் ஒன்று அங்கே தொங்கும். அதற்கு மாலை சூட்டியிருப்பீர்கள். ஆண்டு நினைவு நாளன்று அதன் முன் விளக்கோ மெழுகுதிரியோ ஏற்றி, குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வீர்கள். வெளிநாட்டுக்குப் புறப்படும் பிள்ளை அந்தப் படத்தின் முன் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் படியிறங்கும்.

தமிழில் ஒரு சொல்லும் அறியாத அந்நியர் ஒருவர் அவ்வேளையில் உங்கள் வீட்டினுள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலையைக் காண்கிறார், விளக்கைக் காண்கிறார், முழந்தாளிட்டிருக்கும் உங்களைக் காண்கிறார். உங்களிடம் ஒன்றும் கேளாமலே திரும்பிச் சென்று, "இவர்கள் கத்தோலிக்கர் அல்லர், செத்தவர்களைத் தெய்வமாகத் தொழுகிறவர்கள்" என்று தமது நாட்டுக்கு எழுதிவிடுகிறார். அந்தக் கடிதத்தை நம்பி உங்கள்மேல் தீர்ப்பும் வழங்கப்படுகிறது. உங்கள் மனம் எவ்வளவு புண்படும்!

இது வெறுங் கற்பனையல்ல. ஏறக்குறைய இதைப் போன்றதோர் இக்கட்டு சீன நாட்டுக் கத்தோலிக்கருக்கு உண்மையாகவே நேர்ந்தது. அந்த வழக்குத் தீர முந்நூறு ஆண்டுகள் சென்றன. உலகில் மொழிகளும் வழக்கங்களும் பலவாக இருப்பதை ஒரு கிறீஸ்தவன் எவ்வாறு நோக்கவேண்டும் என்பதற்கு அவ்வரலாற்றை விடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. எனவே இவ்வாரம் அதனைச் சற்று விரிவாகக் கற்போம்.

எருசலேமில் எழுந்த கேள்வி

பெந்தேகொஸ்தே நாளில் நடந்ததை நாம் அறிவோம். பல நாடுகளிலிருந்து எருசலேமுக்கு வந்திருந்த மக்கள், அப்போஸ்தலர்கள் பேசியதைத் தத்தம் தாய்மொழியிலே கேட்டு வியந்தார்கள். பரிசுத்த ஆவியானவர் அவர்கள் அனைவரையும் ஒரே மொழிக்கு மாற்றிவிடவில்லை. அவரவர் மொழியைத் தேடிச் சென்றார். திருச்சபை பிறந்த நாளன்றே நமக்குக் கிடைத்த பாடம் இது.

ஆயினும் மொழியை ஏற்றுக்கொள்வது எளிது. வழக்கத்தை ஏற்றுக்கொள்வது கடினம். யூதரல்லாதவர்கள் மனந்திரும்பி வந்தபோது, அவர்களும் விருத்தசேதனம் செய்து மோயீசனின் சட்டம் முழுவதையும் கைக்கொள்ளவேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். அதனை ஆராய்வதற்காகவே அப்போஸ்தலர்கள் எருசலேமில் கூடினார்கள். கிறீஸ்துவைப் பின்பற்றுவதற்கு ஒருவன் முதலில் யூதனாக மாறவேண்டியதில்லை என்பதே அங்கு கண்ட முடிவு. அப்போஸ்தலர் பணி பதினைந்தாம் அதிகாரத்தில் இதனை வாசிக்கலாம். அதே வேளையில் விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றையும் ஒழுக்கக்கேட்டையும் விலக்கவேண்டும் என்றும் அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆகவே, எல்லா வழக்கமும் கூடும் என்றும் அவர்கள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்தே தீர்மானித்தார்கள்.

சவேரியார் கற்ற பாடம்

நம் முன்னோர் அன்போடு போற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் திகதி யப்பான் நாட்டில் கரையிறங்கினார். கடவுளை அம்மக்களின் மொழியில் எப்படி அழைப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. தமக்கு மொழிபெயர்த்து உதவிய யப்பானியக் கிறீஸ்தவர் சொன்னபடி, 'டைனிச்சி' என்னும் சொல்லை அவர் கையாண்டார். புத்த துறவிகளும் அவரை மகிழ்வோடு வரவேற்றார்கள். சில காலம் சென்ற பின்னரே அந்த மகிழ்ச்சியின் காரணம் அவருக்கு விளங்கிற்று. டைனிச்சி என்பது புத்த சமயப் பிரிவு ஒன்று போற்றிய புத்தரின் பெயர்!

சவேரியார் அச்சொல்லை உடனே கைவிட்டு, 'தேயுஸ்' என்ற இலத்தீன் சொல்லையே வழங்கத் தொடங்கினார். அதிலும் தொல்லை வந்தது. அச்சொல் யப்பானியர் காதில் 'பெரிய பொய்' என்று பொருள்படும் 'டை உசோ' என்பது போல ஒலிப்பதாகச் சொல்லி எதிரிகள் நகைத்தார்கள். ஆழ்ந்து கற்காமல் உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் ஓர் ஆபத்து. அதற்கு அஞ்சி அந்நியச் சொல்லையே திணித்தால் வேறோர் ஆபத்து. புனிதர் ஒருவருக்கே இப்படியானால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

சீனத்துக்குள் செல்ல விரும்பிய சவேரியார், அந்நாட்டுக் கரையோரத்துத் தீவொன்றில் 1552 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் திகதி உயிர் நீத்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் இத்தாலியின் மசெராத்தா நகரில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. சவேரியார் நுழைய முடியாத வாசலைத் திறக்கப்போகிறவர் அவரே. பெயர் மத்தேயோ ரிச்சி.

பட்டாடை அணிந்த குரு

யேசு சபைக் குருவான ரிச்சி 1582 இல் மக்காவோ வந்து சீன மொழியைக் கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தம் தோழர் மிக்கேல் ருஜ்ஜியேரியுடன் சீனத்தின் உள்ளே சென்று குடியேறினார். தொடக்கத்தில் இருவரும் தலையை மழித்து, புத்த துறவிகளைப் போல உடுத்தினார்கள். சமயப் பணியாளர் என்று மக்கள் எளிதில் கண்டுகொள்வார்கள் என எண்ணினார்கள். ஆனால் சீனாவின் கற்றோர் அத்துறவிகளை அவ்வளவாக மதிப்பதில்லை என்பதை ரிச்சி நாளடைவில் உணர்ந்தார். 1595 இல் தாடி வளர்த்து, கற்றோர் அணியும் பட்டாடையை உடுத்திக்கொண்டார். ஆடையை மாற்றியதோடு நின்றுவிடாமல், அக்கற்றோர் மனனம் செய்த நூல்களையெல்லாம் தாமும் கற்றார்.

1601 இல் அவர் பீக்கிங் மாநகரை அடைந்தார். 1602 இல் சீன எழுத்துக்களிட்ட பெரிய உலகப் படமொன்றை வெளியிட்டார். கடவுளைப் பற்றிய அவரது பெரிய சீன நூல் 1603 இல் வெளிவந்தது. சூ குவாங்சி என்னும் அறிஞர் அதே ஆண்டில் பவுல் என்ற பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். அவரும் ரிச்சியும் சேர்ந்து, யூக்கிளிட் என்ற கிரேக்க அறிஞரின் கேத்திர கணித நூலின் முதல் ஆறு பாகங்களைச் சீன மொழிக்குப் பெயர்த்து 1607 இல் வெளியிட்டார்கள். ரிச்சி 1610 மே 11 ஆம் திகதி இறந்தபோது, அந்நியரான அவரை அடக்கம் செய்யப் பீக்கிங்கில் பேரரசரே நிலம் வழங்கினார். 2022 டிசம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

கடவுளைக் குறிக்கச் சீனத் திருச்சபையில் இன்றும் வழங்கும் சொல் 'தியான்ஷு'. வானத்தின் ஆண்டவர் என்பது அதன் பொருள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சீன இளைஞர் ஒருவர், குருமார் தம்மிடம் ஒப்படைத்த பீடத்தின் மேலே இச்சொல்லை எழுதி வைத்தார். குருமார் அதைக் கண்டு ஏற்றுக்கொண்டார்கள். ஊர் மகன் ஒருவனின் கையிலிருந்தே கடவுளுக்குரிய பெயர் கிடைத்தது பாருங்கள்!

இதே காலத்தில் மதுரையில் தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட ரொபேர்ட் தெ நொபிலி அடிகளார் காவியுடுத்தித் தமிழும் வடமொழியும் கற்றார் என்பதை வாசகர்கள் அறிவர். அவர் மதுரைக்கு வந்தது 1606 இல். முதுமைக் காலத்தில் சில காலம் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்து, 1656 இல் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார். நம் பாட்டன் பாட்டிமார் செபங்களில் சொல்லிவந்த 'சர்வேசுரன்' என்ற சொல்லை அவர் தம் நூல்களில் கையாண்டவர். கடவுளை எந்தச் சொல்லால் அழைப்பது என்ற கேள்வி நமக்கும் ஒரு காலத்தில் இருந்த கேள்வியே.

ஒரே செயல், இரு பொருள்

நாட்டுக்கு நாடு ஒரே செயலுக்கு எவ்வாறு பொருள் மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஐரோப்பியர் ஆலயத்தினுள் சென்றதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். அது அவர்களிடத்தில் மரியாதை. சீனத்திலோ பெரியவர் முன் தலையை மூடாமல் நிற்பது அவமரியாதை. குருவானவர் வெறுந்தலையுடன் பூசை செய்வதைச் சீனர் கண்டால் என்ன நினைப்பார்கள்? குருமார் இதனை உரோமாபுரிக்கு எழுதினார்கள். 1615 இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல், சீனத்தில் குருமார் தலையணி அணிந்து பூசை நிறைவேற்ற அனுமதி கொடுத்தார். சீன இலக்கிய மொழியிலேயே திருவழிபாடு நடத்தவும் அப்பொழுதே உத்தரவு கிடைத்தது. தலையணி வழக்கத்துக்கு வந்தது. சீன மொழிப் பூசையோ ஏட்டளவில் நின்றுவிட்டது.

இனி, பெரும் வழக்காக மூண்ட விடயத்துக்கு வருவோம். சீனர் வீட்டில் இறந்த பெற்றோரின் பெயர் எழுதிய மரப்பலகை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். குறித்த நாட்களில் அதன் முன் ஊதுவத்தி கொளுத்தி, உணவு வைத்து, தலை நிலத்தில் படும்படி வணங்குவார்கள். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் கல்லறைகளைத் துப்புரவாக்கி அங்கும் அவ்வாறே செய்வார்கள். கற்றோர் தம் ஆசானாகிய கொன்பூசியசுக்கும் இத்தகைய மரியாதை செய்வார்கள்.

கற்றறிந்த சீனருடன் பழகிய ரிச்சி, அவர்கள் இதற்குச் சொன்ன பொருளைக் கேட்டறிந்தார். உயிரோடிருந்தபோது பெற்றோருக்குக் காட்டிய மரியாதையை இறந்த பின்னரும் காட்டுகிறோம். இதைப் பார்த்துப் பிள்ளைகள் உயிரோடிருக்கும் பெற்றோரை மதிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே அவர்கள் சொன்னது. தலை நிலத்தில் பட வணங்குவது, உயிரோடிருக்கும் பெற்றோருக்கும் அரசருக்கும் கூடச் செய்யப்படும் மரியாதையே. எனவே கிறீஸ்தவர் இதனைத் தொடரலாம் என்று ரிச்சி கருதினார். அதற்காகச் சீன வழக்கம் அனைத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கவேண்டாம். மனைவியோடு வேறு பெண்ணையும் வைத்திருந்தவர்கள் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், அந்த உறவை விடும்வரை ஞானஸ்நானம் பெறமுடியாது. லி சிசாவ் என்ற பெரிய அதிகாரி இக்காரணத்தால் நெடுங்காலம் காத்திருந்து 1610 இல்தான் கிறீஸ்தவரானார்.

1630 ஆம் ஆண்டுகளில் சாமிநாதர் சபைக் குருமாரும் பிரான்சிஸ்கன் சபைக் குருமாரும் சீனத்துக்கு வந்தார்கள். அவர்கள் பணி செய்தது பெரும்பாலும் கிராமத்து எளிய மக்களிடையே. அம்மக்களுட் பலர், இறந்தவரின் ஆவி பலகையில் வந்து தங்குகிறது என்று நம்பினார்கள். அதனிடம் விளைச்சலும் நலமும் வேண்டினார்கள். இதைக் கண்ணாற் கண்ட குருமார் திடுக்கிட்டதில் வியப்பில்லை. அவர்களும் வீரமிக்க இறையடியார்களே. அவர்களுள் ஒருவரான பிரான்சிஸ்கோ தெ கப்பில்லாஸ் அடிகளார் 1648 இல் சீனத்தில் வேதசாட்சியாக மரித்து, 2000 ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஆகவே, இரு சாராரும் கண்டது உண்மையே. ஒரே பலகையின் முன் கற்றவர் ஒரு பொருளோடும் பாமரர் வேறு பொருளோடும் தலை வணங்கினார்கள். அவரவர் கண்டதையே முழு உண்மை என்று எண்ணியதில்தான் வழக்குப் பிறந்தது.

உரோமாபுரிக்குச் சென்ற வழக்கு

பிணக்கு உரோமாபுரியை எட்டியது. ஒரு சாரார் விவரித்தபடி 1645 இல் இவ்வழக்கங்கள் தடை செய்யப்பட்டன. மறு சாரார் சென்று விளக்கியபடி 1656 இல் அவை அனுமதிக்கப்பட்டன. உரோமை தன் மனத்தை மாற்றிக்கொண்டது என்று இதற்குப் பொருளல்ல; இருமுறையும் தன்னிடம் வைக்கப்பட்ட விவரத்துக்கு ஏற்பவே விடை கொடுத்தது. இரண்டு விடைகளும் அந்தந்தச் சூழ்நிலைக்கு ஏற்பச் செல்லும் என்று 1669 இல் சொல்லப்பட்டது.

இதற்கிடையே 1659 இல், வேதபோதகப் பேராயம் ஆசியாவுக்குச் செல்லும் ஆயர்களுக்கு அறிவுரை ஒன்று வழங்கிற்று. விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் தெளிவாக மாறுபட்டாலொழிய எந்த மக்களின் வழக்கத்தையும் மாற்றும்படி வற்புறுத்தக்கூடாது; ஐரோப்பிய நாடுகளைப் பெயர்த்துக்கொண்டுபோய்ச் சீனத்தில் நடுவது மதியீனம்; கொண்டுசெல்லவேண்டியது விசுவாசத்தையே என்பது அதன் சாரம். முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின்னும் இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

இவ்வேளையில் ஒரு சீனரின் குரலும் எழுந்தது. லுவோ வென்சாவ் என்பவர் சாமிநாதர் சபையில் சேர்ந்து குருவானவர். 1685 இல் அபிஷேகம் பெற்று, சீன இனத்தவருள் முதலாவது ஆயரானார். அவருடைய சபையினரில் பலர் முன்னோர் மரியாதையை எதிர்த்தார்கள். அவரோ அதனை ஆதரித்தே எழுதினார். சபைப் பற்றுக் குறைந்தவர் என்று அவரைச் சொல்லமுடியாது. அந்த வீட்டில் பிறந்தவர் என்பதால் அதன் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. 1691 இல் அவர் இறந்தார். அதன்பின் சீனர் ஆயர்களாவதைக் காணத் திருச்சபை 1926 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அவ்வாண்டு பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் உரோமாபுரியில் தமது கையாலேயே சீனர் அறுவரை ஆயர்களாக அபிஷேகம் செய்தார்.

பேரரசர் முன் ஓர் ஆயர்

1692 இல் பேரரசர் காங்சி, கிறீஸ்தவர் தடையின்றி வழிபட அனுமதித்து ஆணை பிறப்பித்தார். சீனத்தின் கதவு அகலத் திறந்தது போலத் தோன்றிற்று. ஆனால் அடுத்த ஆண்டே பூக்கியென் மாகாணத்தின் திருச்சபைப் பொறுப்பாளரான சார்ள் மைக்ரோ என்ற பிரான்சு நாட்டவர், தம் ஆட்சிக்குட்பட்ட இடங்களில் முன்னோர் வழக்கங்களைத் தடை செய்தார். யேசு சபையார் பேரரசரிடமே விளக்கம் கேட்டனர். இவை நன்றியையும் மரியாதையையும் காட்டும் செயல்களே என்று அவர் 1700 இல் அறிவித்தார்.

1704 இல் உரோமை வழக்கங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாப்பரசரின் தூதராகத் தூர்னோன் என்பவர் பீக்கிங் வந்து சேர்ந்தார். 1706 இல் பேரரசர் மைக்ரோவைத் தம் முன் அழைத்து வினவினார். சிம்மாசனத்தின் மேலே எழுதியிருந்த நான்கு எழுத்துக்களை வாசிக்கச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சீனத்தில் வாழ்ந்த மைக்ரோவினால் அந்நான்கையும் முழுமையாக வாசிக்க முடியவில்லை. எங்கள் எழுத்தையே வாசிக்கத் தெரியாதவர் எங்கள் வழக்கத்தின் பொருளை எமக்குக் கற்பிப்பதா என்று பேரரசர் சினங்கொண்டார். அவர் நாடு கடத்தப்பட்டார்.

1715 இல் தடை மீண்டும் உறுதியாக்கப்பட்டது. 1721 இல் அதனை வாசித்த காங்சி, மறைபரப்பைத் தடுக்கத் தீர்மானித்தார். அவருக்குப் பின் வந்த பேரரசர் யோங்செங் 1724 இல் கிறீஸ்தவ மறையை நாடெங்கும் தடை செய்தார். அரசவைப் பணிக்குத் தேவைப்பட்ட சிலரைத் தவிர மற்றக் குருமார் வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. 1742 இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தடையை இறுதியாக்கி, இனி இதைப் பற்றி விவாதிக்கவும் கூடாது என்று கட்டளையிட்டார். சீனத்துக்குச் செல்லும் ஒவ்வொரு குருவும் இத்தடையைக் காப்பதாகச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது.

கொடுத்த விலை

இத்தடையின் பாரம் யார் தலையில் விழுந்தது? எளிய குடும்பங்களின் தலையில். தந்தை இறந்தால் மூத்த மகன் பலகையின் முன் வணங்கவேண்டும். வணங்காவிட்டால் பெற்ற தகப்பனை மறந்த பாவி என்று ஊரும் உறவும் அவனைத் தள்ளிவைக்கும். வணங்கினாலோ திருச்சபை அவனைத் தடுக்கும். தகப்பனுக்கு மகனாக இருப்பதா, கடவுளுக்குப் பிள்ளையாக இருப்பதா என்று அவன் தவிக்க நேர்ந்தது. தாய் தந்தையரைச் சங்கித்திருப்பாயாக என்று கட்டளையிட்ட கடவுளின் பெயராலேயே இந்தத் தவிப்பு வந்தது என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஆயினும் அக்குடும்பங்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை. குருமார் அரிதாய் மறைவில் வந்துபோன அந்த நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், பாட்டிமாரும் உபதேசிமாரும் செபங்களைச் சொல்லிக்கொடுத்து மறையைக் காத்தார்கள். இவ்வனுபவம் நமக்குப் புதிதல்ல. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் விழுந்தபின் நம் முன்னோரும் குருவின்றி வாடினார்கள். 1687 இல் புனித யோசேவாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்று மக்களுள் ஒருவராகவே வாழ்ந்தார். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். சீனத்தில் வழக்கம் பற்றிய பிணக்கு உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில், இங்கே மொழியின் வழியாகத் திருச்சபை மீண்டும் உயிர் பெற்றது.

1939 ஆம் ஆண்டின் தீர்வு

1939 டிசம்பர் 8 ஆம் திகதி, அமலோற்பவத் திருநாளன்று, பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரின் ஆட்சியில் வேதபோதகப் பேராயம் புதிய அறிவுறுத்தலை வெளியிட்டது. காலப்போக்கில் இவ்வழக்கங்களின் பொருள் தெளிவாகிவிட்டது. சீன அரசும் அவை சமயச் சடங்குகள் அல்ல என்று அறிவித்திருந்தது. எனவே இறந்தவர் முன்னும், அவர்களின் படங்கள் முன்னும், பெயரெழுதிய பலகை முன்னும் தலை வணங்கி மரியாதை செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. குருமார் செய்துவந்த சத்தியமும் நீக்கப்பட்டது.

1704 இலிருந்து எண்ணினால் இருநூற்று முப்பத்தைந்து ஆண்டுகள்! தான் கற்றுக்கொண்டதை மறைக்காமல் திருத்திக்கொள்ளும் தாயாகத் திருச்சபை இங்கே விளங்குகிறது. 1963 டிசம்பர் 4 ஆம் திகதி இரண்டாவது வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், தாய்மொழி வழிபாட்டுக்கும் மக்களின் நல்வழக்கங்களுக்கும் வாசலைத் திறந்தது. நாம் இன்று தமிழில் திருப்பலி காண்பது அதன் பயனே. 1971 இல் தாய்வான் நாட்டில் கர்தினால் யூ பின், சீனப் புத்தாண்டு நாளில் முன்னோருக்குத் தூபமிடும் நிகழ்ச்சியைத் தாமே முன்னின்று நடத்தினார். சீனப் பெருநிலப்பரப்பில் சீன மொழித் திருப்பலி பரவலானது 1990 ஆம் ஆண்டுகளில்தான். 1615 இல் கிடைத்த உத்தரவு கைகூட அத்தனை காலம் சென்றது.

நான்கு கேள்விகள்

இவ்வரலாற்றிலிருந்து வழக்கங்களைச் சோதிக்கும் நான்கு கேள்விகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: இதனைச் செய்பவர்கள் இதற்கு என்ன பொருள் சொல்கிறார்கள்? அவர்களிடமே, அவர்கள் மொழியிலேயே கேட்டேனா?

இரண்டு: கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனையை இது வேறெதற்காவது கொடுக்கிறதா?

மூன்று: இது யாரையாவது தாழ்த்துகிறதா, ஒதுக்குகிறதா, வருத்துகிறதா?

நான்கு: இது அன்பையும் நன்றியையும் வளர்க்கிறதா?

முதலில் நம் வீட்டுச் சுவரிலுள்ள படத்தைச் சோதித்துப் பார்ப்போம். அப்பப்பாவைக் கடவுள் என்று நாம் எண்ணுவதில்லை. அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காகக் கடவுளையே வேண்டுகிறோம். மாலை நம் நன்றியின் அடையாளம். ஆகவே அது நான்கு கேள்விகளையும் கடந்துவிடுகிறது. சேமக்காலையில் மரித்த விசுவாசிகள் திருநாளன்று நாம் ஏற்றும் மெழுகுதிரியும் அப்படியே.

ஆனால் நம்மிடமுள்ள வேறு சில வழக்கங்களையும் இதே தராசில் வைக்கவேண்டும். சீதனம் குறைந்தது என்பதற்காகப் பெண்பிள்ளையின் கலியாணத்தை நிறுத்தும் வழக்கம் மூன்றாம் கேள்விக்கு என்ன விடை சொல்லும்? ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, கலியாணப் பேச்சிலே சாதி பார்க்கும் வழக்கம் என்ன விடை சொல்லும்? பழைய மதுரை மிசனிலும் இக்குறை இருந்தது. குருமார் சாதிக் கட்டுப்பாடுகளுக்கு இணங்கி நடந்ததால், தாழ்த்தப்பட்ட மக்கள் வேறாகவே வைக்கப்பட்டார்கள். "இது எங்கள் பண்பாடு" என்ற சொல் ஒரு வழக்கத்தைப் புனிதமாக்கிவிடாது. அந்நியர் வழக்கத்தை எளிதில் பழிப்பதும், சொந்த வழக்கத்தைச் சோதியாமல் காப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

இது தூர தேசத்துக் கதை என்றும் எண்ணவேண்டாம். நம் பிள்ளைகள் இன்று கனடாவிலும் பிரான்சிலும் யேர்மனியிலும் வாழ்கிறார்கள். பேரப்பிள்ளை பெரியவரைப் பெயர் சொல்லி அழைத்தான் என்று நாம் முகஞ்சுளிக்கிறோம். கையாற் சாப்பிடும் அம்மம்மாவை அவன் வியப்போடு பார்க்கிறான். மருமகளாக வந்த பிறநாட்டுப் பெண் செத்த வீட்டுக்குக் கறுப்பு உடுத்தி வருகிறாள். நாம் வெள்ளையோடு நின்று அவளைப் பார்க்கிறோம். அயல் வீட்டு இந்துச் சகோதரர் பொங்கலன்று பானை கொண்டுவந்து தருகிறார். இவர்களைப் பற்றி நாம் தமக்குள்ளே முணுமுணுப்பதுண்டு, அருகில் அமர்ந்து, "பிள்ளை, இதற்கு என்ன கருத்து?" என்று கேட்பதோ அரிது. பேரரசரின் சிம்மாசனத்தின் முன் கேட்கப்பட்ட கேள்வி நம் வீட்டு முற்றத்திலும் கேட்கப்படுகிறது: அவர்களுடைய எழுத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டோமா?

ரிச்சி அடிகளார் சீன நாட்டில் கழித்த இருபத்தேழு ஆண்டுகளின் பெரும்பகுதி படிப்பதிலும் கேட்பதிலுமே சென்றது. கேட்பதும் அன்பின் செயலே. இவ்வாரம் ஒருவரிடமாவது அவருடைய வழக்கத்தின் பொருளைக் கேட்டறிவோம்.

குடும்பமாகக் கலந்துரையாட

1. அப்போஸ்தலர் பணி பதினைந்தாம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேமில் எதை வற்புறுத்தவில்லை? எதை விலக்கச் சொன்னார்கள்?

2. சாமிநாதர் சபைக் குருமாரும் யேசு சபைக் குருமாரும் ஒரே வழக்கத்தை வெவ்வேறாகக் கண்டதற்குக் காரணம் என்ன?

3. வீட்டிலுள்ள முதியவரிடம் நம் குடும்ப வழக்கமொன்றின் பொருளைப் பிள்ளைகள் கேட்கட்டும். அதனை நான்கு கேள்விகளாற் சோதியுங்கள்.

4. நம் குடும்பம் விட்டுவிடவேண்டிய வழக்கம் ஏதேனும் உண்டா? அதை யார் முதலில் விடுவது?